கார் தயார், உங்கள் வீடு தயாரா? சொகுசு எலெக்ட்ரிக் காரை வாங்கும் முன் சோதிக்கும் வழி

இன்றைய சொகுசு எலெக்ட்ரிக் காரின் திறமையைப் பற்றிப் பெரிதாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை. 2022-ல் புனே அருகே சாகனில் அசெம்பிள் ஆகி வந்த மெர்சிடிஸ் பென்ஸ் ஈக்யூஎஸ் 580, 107.8 யூனிட் பேட்டரியோடு 857 கி.மீ. ரேஞ்சுக்குச் சான்று பெற்றது. 2023-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் ஆலையிலிருந்து ஐயோனிக் 5 வந்தது. 2025 ஜனவரியில், சென்னை ஆலையில் தயாராகும் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸ் காரை 49 லட்சம் ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் அறிமுகப்படுத்தினார்கள். பெரிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், எலெக்ட்ரிக் காருக்கு 5 சதவீதம். அதனால் விலை வித்தியாசமும் முன்புபோல மிரட்டுவதில்லை.

எனவே “கார் தயாரா?” என்ற கேள்விக்குப் பதில் சுருக்கம்: தயார். அது உங்களுக்கு அன்றாட வண்டியாக உழைக்குமா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்யும். வண்டி நிற்கும் இடம், நீங்கள் ஓடும் பாதை, பழுது பார்க்கும் பணிமனை. மூன்றும் காருக்கு வெளியே இருப்பவை. ஷோரூமில் யாரும் இவற்றைச் சோதித்துக் காட்ட மாட்டார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் நீங்களே சோதிக்க வேண்டிய ஏழு படிகளைக் கீழே வரிசையாகத் தருகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். முதல் மூன்றில் தோற்றால் மீதி நான்குக்கு வேலையே இல்லை.

தேவையானவை: கடைசி ஈ.பி. பில், அளவு டேப், ஒரு வயர்மேன், நோட்டுப் புத்தகம், ஒரு வார அவகாசம்.

## படி 1: உங்கள் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

1. இப்போதுள்ள காரின் ஓடோமீட்டரை ஞாயிறு இரவு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு மீண்டும் குறியுங்கள். வித்தியாசத்தை 7-ஆல் வகுத்தால் தினசரி ஓட்டம் கிடைக்கும்.
2. அதை 6-ஆல் வகுத்தால் தினமும் தேவைப்படும் யூனிட் வரும். ஈக்யூஎஸ் போன்ற இரண்டரை டன் கார் என்றால் 5-ஆல் வகுப்பது பாதுகாப்பு.
3. சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதற்கு 10 சதவீதம் கூட்டுங்கள்.
4. வருடத்தில் எத்தனை முறை ஒரே நாளில் 300 கி.மீ.க்கு மேல் போகிறீர்கள் என்று தனியாக எழுதுங்கள்.

தினம் 50 கி.மீ. ஓடுபவருக்கு 9 யூனிட் போதும். 66 யூனிட் பேட்டரியில் இது ஏழில் ஒரு பங்கு. நகரத்துக்குள் ஓடும் பெரும்பாலானவர்களுக்கு ரேஞ்ச் ஒரு பிரச்சினையே இல்லை என்பது இந்தக் கணக்கைப் போட்டதும் தெரிந்துவிடும். நான்காவது வரியில் எழுதிய எண் பெரிதாக இருந்தால் மட்டும் படி 5-ல் கூடுதல் கவனம் தேவை.

வழக்கமான தவறு: விளம்பரத்தில் உள்ள ரேஞ்சை அப்படியே நம்புவது. இந்தியச் சான்று ஆய்வகத்தில் மென்மையாக ஓட்டி எடுப்பது. ஐஎக்ஸ்1-க்கு 531 கி.மீ. என்று சான்று இருந்தாலும், ஏசி போட்டு, குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது 350 முதல் 400 என்று திட்டமிடுங்கள். எந்தக் காருக்கும் சான்று ரேஞ்சில் 70 சதவீதத்தை உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

## படி 2: நிறுத்துமிடத்தை அளந்து பாருங்கள்

சொகுசு எலெக்ட்ரிக் கார்கள் நீளமும் எடையும் கூடியவை. பிஎம்டபிள்யூ ஐ7 காரின் நீளம் 5.39 மீட்டர், எடை இரண்டரை டன்னைத் தாண்டும்.

1. பார்க்கிங் இடத்தின் நீளம், அகலம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். இருபக்கக் கதவையும் திறந்து இறங்க இடம் இருக்கிறதா பாருங்கள்.
2. அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பார்க்கிங் இருந்தால், அதன் தட்டில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் படியுங்கள். பல இடங்களில் 2,000 கிலோதான் வரம்பு. கார் வந்த பிறகு செக்யூரிட்டி கைநீட்டித் தடுத்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.
3. பேஸ்மென்ட் சரிவில் இறங்கும் இடத்தையும் வாசலில் உள்ள வேகத்தடையையும் கவனியுங்கள். பேட்டரி வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடிய கார்தான் நடுவில் தட்டும்.
4. காரின் சார்ஜிங் வாய் எந்தப் பக்கம், சுவரிலிருந்து கேபிள் எட்டுமா என்று பாருங்கள். நடைபாதையின் குறுக்கே கேபிள் கிடக்கக் கூடாது.
5. மழையில் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று பழைய குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

குறிப்பு: வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே சொந்தக் காரை சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இருந்தாலும் அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேபிள் போகும் பாதை, எந்த மீட்டர், செலவு யாருடையது ஆகிய மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.

## படி 3: வீட்டு மின்சாரத்தைச் சோதியுங்கள்

ஏழு படிகளிலும் பலர் சறுக்குவது இங்கேதான். முதலில் எந்த சார்ஜர் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். 66 யூனிட் பேட்டரியை அடி முதல் நுனி வரை நிரப்ப ஆகும் நேரம் இது:

- 15 ஆம்பியர் பிளக்: ஒரு முழு நாள், அதற்கு மேலும் ஆகலாம்.
- 7.4 கிலோவாட் சுவர் சார்ஜர், சிங்கிள் ஃபேஸ்: 9 முதல் 10 மணி நேரம்.
- 11 கிலோவாட் சார்ஜர், த்ரீ ஃபேஸ்: 7 மணி நேரத்துக்குள்.

ஆனால் நீங்கள் தினமும் முழுதாக நிரப்பப் போவதில்லை. படி 1-ல் வந்த 9 யூனிட்டை 15 ஆம்பியர் பிளக்கே நாலு மணி நேரத்துக்குள் ஏற்றிவிடும். சுவர் சார்ஜர் ஊருக்குப் போய் வந்த மறுநாளுக்கும், இரண்டாவது எலெக்ட்ரிக் வண்டி வரும் நாளுக்கும்தான் அவசியம்.

அடுத்து வயர்மேனை வைத்து இந்த வரிசையில் பாருங்கள்:

1. லோடு: ஈ.பி. இணைப்பில் அனுமதிக்கப்பட்ட கிலோவாட் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு ஏசி, ஹீட்டர் ஓடும் வீட்டில் 7.4 கிலோவாட் சேர்ந்தால் வரம்பு தாண்டும். மின்வாரியத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.
2. தனி வயர்: மீட்டர் பலகையிலிருந்து காருக்கென்றே தனி லைன் இழுக்க வேண்டும். 7.4 கிலோவாட்டுக்கு 32 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும். குறைந்தது 6 சதுர மி.மீ. காப்பர், தூரம் அதிகமென்றால் 10.
3. பாதுகாப்பு: தனி எம்சிபி, அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எந்த வகை ஆர்சிசிபி என்பதை சார்ஜர் கையேட்டில் பார்த்து அதையே போடச் சொல்லுங்கள்.
4. எர்த்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

நான்காவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய வீடுகள் சிலவற்றில் மீட்டர் 20 வோல்ட்டைக்கூடக் காட்டும். மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் அதைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும். கார் சார்ஜர் ஓடாது. சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். வயர்மேன் பின்பக்கம் போய் எர்த் குழியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவார். மீட்டரில் எண் மளமளவென்று இறங்கும், பச்சை விளக்கு எரியும். “அவ்வளவுதான் சார், முடிஞ்சது” என்பார். முடியவில்லை. சித்திரை வெயிலில் மண் காய்ந்ததும் மறுபடி சிவப்பு விளக்குதான். புதிதாக எர்த் குழி போட்டு, மறு வாரம் மீண்டும் அளந்து பார்த்த பிறகே சார்ஜரை மாட்டச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துக் காரை சார்ஜ் செய்யாதீர்கள். 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே மெயினை நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள்.

செலவுக் கணக்கு: மாதம் 1,500 கி.மீ. என்றால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 550 யூனிட் கூடும். வீட்டு இணைப்பில் யூனிட் கூடக்கூட விலைப்படியும் ஏறும். எனவே பழைய பில்லோடு 550 யூனிட்டைக் கூட்டிப் புது பில்லைக் கணக்கிடுங்கள். சராசரி விலையை வைத்துப் பெருக்காதீர்கள்.

## படி 4: டெஸ்ட் டிரைவை உங்கள் பாதையில் எடுங்கள்

ஷோரூம் வாசலிலிருந்து பத்து நிமிடச் சுற்று எதையும் சொல்லாது. வீட்டுக்கு வண்டியைக் கொண்டு வரச் சொல்லுங்கள். இந்த விலைக்கு அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

1. நான்கு பேரை ஏற்றுங்கள். தெருவில் உள்ள மோசமான வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள்.
2. மதிய வெயிலில் நின்ற வண்டியில் ஏசியைப் போட்டு, குளிர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.
3. பெரியவர்களைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். பேட்டரியால் தளம் உயர்ந்து, முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போகும் கார்கள் உண்டு. அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் இது தெரியும்.
4. ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி தானாக வேகம் குறையும் அளவை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். பின்சீட்டில் இருப்பவருக்குத் தலை சுற்றினால் குறைவான அளவே போதும்.
5. தானாக பிரேக் பிடிக்கும் வசதியை நெரிசலில் சோதியுங்கள். குறுக்கே பைக் பாயும் நம் சாலையில் அது திடீரென்று நிறுத்தினால் பின்னால் வருபவர் இடிப்பார். அதை எப்படிக் குறைப்பது, எப்படி அணைப்பது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.
6. ஏசி, வைப்பர், கண்ணாடி மூன்றையும் திரையைப் பார்க்காமல் இயக்க முடிகிறதா பாருங்கள்.

டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு: அவரையும் டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப் போங்கள். “சார், ஸ்டார்ட் ஆயிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதிப்பது முதல் வாரத்தில் சகஜம். சத்தமே இல்லாமல் வண்டி பாய்ந்துவிடும். பார்க்கிங்கில் குழந்தைகளுக்கும் வண்டி வருவது கேட்காமல் போகலாம். ‘டிரைவ்’ விளக்கைப் பார்த்த பிறகே காலை வைக்கப் பழக்குங்கள். சார்ஜிங் ஆப், கார்டு, கன் மாட்டிக் கழற்றும் முறை எல்லாம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

## படி 5: ஒரு நீண்ட பயணத்தை ஒத்திகை பாருங்கள்

புது காருக்குக் காத்திருக்க வேண்டாம்; பழைய காரிலேயே செய்யலாம். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கி.மீ. ஐஎக்ஸ்1 போன்ற காரில் போகும் வழியில் ஒரு முறை சார்ஜ் போட்டாக வேண்டும்.

1. சார்ஜிங் நிறுவனங்களின் ஆப்களை இறக்குங்கள். கோவையைச் சேர்ந்த ஸியான், டாடா பவர், ஜியோ-பிபி எனக் குறைந்தது மூன்று இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே பணம் போட்டு வையுங்கள். நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு ஓடிபிக்குக் காத்திருப்பது வேதனை.
2. 200 முதல் 250 கி.மீ.க்குள் ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு 40 கி.மீ. முன்பாகவே இன்னொன்றை மாற்றாகக் குறியுங்கள்.
3. பழைய காரில் போகும்போதே அங்கே இறங்கிப் பாருங்கள். கன் வேலை செய்கிறதா, கழிப்பறை எப்படி, இரவில் விளக்கு உண்டா, பெரிய கார் உள்ளே திரும்ப முடியுமா?
4. சார்ஜரின் உடம்பில் எழுதியிருக்கும் கிலோவாட்டைப் படியுங்கள். 60 கிலோவாட் என்றிருந்து இரண்டு கன் இருந்தால், பக்கத்தில் இன்னொரு கார் வந்ததும் உங்களுக்குப் பாதிதான் கிடைக்கலாம்.

கார் 200 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் ஏற்கும் என்று விற்பனையாளர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் 60 கிலோவாட் சார்ஜரில் எந்தக் காரும் 60-ஐத் தாண்டாது. பேட்டரியும் சீராக ஏறாது. தீபாவளி பஸ்ஸில் முதலில் வருபவர்கள் சட்டென்று சீட் பிடிப்பதும் கடைசி நாலு பேர் இடம் தேடி முண்டுவதும் போலத்தான்: 10-லிருந்து 80 சதவீதம் விரைவாக ஏறும், மீதி 20-க்கு ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கலாம். நெடுஞ்சாலையில் 80-ல் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

குறிப்பு: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. மணிக்கு 80-லிருந்து 120-க்குப் போனால் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. ரேஞ்ச் குறைந்தால் முதலில் காலை எடுங்கள். ஏசியை அணைத்து மிச்சம் பிடிப்பது சொற்பம்.

## படி 6: சர்வீஸ் சென்டரில் ஆறு கேள்விகள்

விற்பனை மாடியில் கேட்காதீர்கள். கீழே பணிமனையில் இருக்கும் சர்வீஸ் அட்வைசரிடம் கேளுங்கள்.

1. உயர் மின்னழுத்தப் பணிக்குப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் இந்தக் கிளையில் இருக்கிறாரா, வேறு ஊரிலிருந்து வர வேண்டுமா?
2. பேட்டரி வாரன்டி எத்தனை ஆண்டு? 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்பது பரவலான வழக்கம். திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவீர்கள்?
3. அடியில் கல் தட்டி பேட்டரிப் பெட்டியில் கீறல் விழுந்தால் அது வாரன்டியா, இன்சூரன்ஸா?
4. வண்டி வழியில் நின்றால் ஃபிளாட்பெட் லாரி வருமா, எந்த ஊர்வரை வரும்? எலெக்ட்ரிக் காரைச் சக்கரம் உருளக் கட்டி இழுக்கக் கூடாது.
5. ஸ்டெப்னி உண்டா, பஞ்சர் கிட் மட்டுமா? இந்த அளவு டயர் இங்கே இருப்பு உண்டா?
6. கண்ணாடி, பம்பர், விளக்கு ஆகியவை வரச் சராசரியாக எத்தனை நாள்? அதுவரை மாற்று வண்டி தருவீர்களா?

இரண்டுக்கு மேல் மழுப்பலான பதில் வந்தால் வேறு பிராண்டைப் பாருங்கள். காரின் தரம் அடுத்த பேச்சு.

இன்சூரன்ஸில் ஜீரோ டெப், பேட்டரி, வீட்டு சார்ஜர், வெள்ளம் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரீசேல் விஷயத்தில் சொகுசு எலெக்ட்ரிக் கார்களின் விலை உலகெங்கும் வேகமாக இறங்குகிறது. மூன்று ஆண்டில் மாற்றும் பழக்கம் உள்ளவர் லீஸ், அல்லது நிறுவனமே திரும்ப வாங்கும் உத்தரவாதம் இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குவது நல்லது.

## படி 7: டெலிவரி நாளில் பழக வேண்டியவை

மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கீழ்க்கண்டவற்றை நீங்களே கையால் செய்து பாருங்கள்.

1. மின்சாரம் போனால் கதவை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி எங்கே? முன்கதவு, பின்கதவு இரண்டிலும்.
2. வெளியிலிருந்து சாவியால் திறப்பது எப்படி?
3. 12 வோல்ட் சிறு பேட்டரி எங்கே? பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இந்தச் சின்னது செத்தால் வண்டி எழும்பாது.
4. சார்ஜிங் கன் சிக்கிக்கொண்டால் விடுவிக்கும் கம்பி எங்கே?
5. தினசரி சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். கையேடு வேறு அளவு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். 100 என்பது ஊருக்குப் போகும் நாளுக்கு.

## பாதுகாப்பு: வெள்ளம், மலை, விபத்து

வெள்ளம்: பேட்டரிக்கு ஐபி67 தரம் என்றால், ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்தது என்று பொருள். வேளச்சேரித் தண்ணீரில் ஓட்டலாம் என்ற அனுமதிச் சீட்டு அது இல்லை. கனமழை எச்சரிக்கை வந்ததும்:

1. சார்ஜரைக் கழற்றி மெயினை அணையுங்கள்.
2. பேஸ்மென்ட்டிலிருந்து காரை மேட்டுக்கு ஏற்றுங்கள்.
3. மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள்.
4. நீர் வடிந்ததும், சர்வீஸ் ஆட்களை வைத்து ஃபிளாட்பெட்டில் ஏற்றி, கட்டடங்களிலிருந்து 15 மீட்டராவது தள்ளித் திறந்த வெளியில் வையுங்கள். 2022-ல் ஃபுளோரிடாவில் இயான் புயலுக்குப் பின் உப்புநீரில் மூழ்கிய சில எலெக்ட்ரிக் கார்கள் பிறகு தீப்பிடித்தன. கடலோர ஊர்க்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மலை: ஆட்களோடு சேர்த்து 2,500 கிலோ எடையுள்ள கார் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிறது என்று வையுங்கள். உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். எடையைத் தூக்கவே 13 யூனிட் போகும். ஓட்டத்துக்கு ஆவது தனி. இறங்கும்போது அதில் நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பும், ஆனால் பேட்டரியில் இடம் இருந்தால்தான். ஊட்டி ஓட்டலில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால், திரும்பும் மின்சாரத்துக்குப் போக இடமில்லாமல் மோட்டாரின் தடுப்பு குறைந்து, முழுப் பாரமும் பிரேக் மீது விழும். 80-க்கு மேல் ஏற்றாமல் இறங்குங்கள்.

விபத்து: முதலில் ஆட்களை இறக்குங்கள். புகையோ சீறல் சத்தமோ வந்தால் விலகி நின்று 112-ஐ அழையுங்கள். “எலெக்ட்ரிக் கார்” என்று தீயணைப்பு வீரர்களிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அணைந்த பேட்டரி மீண்டும் பற்றலாம்.

## முடிவு எடுக்கும் பட்டியல்

- உடனே வாங்கலாம்: சொந்த பார்க்கிங்கில் சார்ஜ் வசதி உண்டு, தினம் 100 கி.மீ.க்குள் ஓட்டம், பயிற்சி பெற்ற சர்வீஸ் உள்ளூரிலேயே.
- இரண்டாவது காராக வாங்கலாம்: மேற்சொன்னவை உண்டு, ஆனால் மாதம் இரண்டு மூன்று முறை 400 கி.மீ. பயணம், அதுவும் நினைத்த நேரத்தில் கிளம்பும் பழக்கம்.
- காத்திருங்கள்: வீட்டில் சார்ஜ் வசதி இல்லை, பொதுச் சார்ஜரை நம்பித்தான் தினசரி ஓட்டம். ஒரு கோடி ரூபாய் கார் வைத்திருந்தும் வாரம் இரண்டு மாலை வரிசையில் நிற்பீர்கள்.
- காத்திருங்கள்: சர்வீஸ் சென்டர் 150 கி.மீ.க்கு அப்பால், மாற்று வண்டியும் கிடையாது.

இந்தப் பட்டியலின் மூன்றாம் வரியில் இருப்பவர் முன்பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு முதலில் அசோசியேஷனுக்குக் கடிதம் எழுதட்டும். அனுமதி வந்து, தனி லைன் இழுத்து, எர்த் 5 வோல்ட்டுக்குள் நின்ற பிறகு ஷோரூமுக்குப் போனால் போதும்.